தாய்மாமன் மடியும் ஜெர்மன்காரரின் கடமையும்

நெட்டுக்குப்பத்துத் தெருமுனையில் இருபத்தொரு சீர்த்தட்டுகளோடு நாங்கள் போய் நின்றபோது காலை ஒன்பது மணிகூட ஆகியிருக்காது. வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறிவிட்டது. ஒரு பக்கம் காயப்போட்ட நெத்திலியின் வாசனை, இன்னொரு பக்கம் எங்கள் தட்டுகளிலிருந்து மல்லிகை வாசனை. நடுவில் பேண்டு செட்டுக்காரர்கள் ஐந்து பேர் வாத்தியத்தைத் துடைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போது ஊதுவது என்று கேட்கிற பார்வை அது.

எனக்கே தெரியாது. நான் என்ன சொல்ல?

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. குழந்தைக்குக் காது குத்துகிற அன்று தாய்மாமன் சீரோடு வந்து தெருமுனையில் நிற்க வேண்டும். அவனாக உள்ளே போகக்கூடாது. குழந்தையின் அம்மா, அதாவது அவனுடைய கூடப்பிறந்தவள், ஆரத்தித் தட்டோடு வந்து அழைக்க வேண்டும். அதன்பிறகு மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள்.

என் தங்கை செல்வி ஆரத்தியோடு வருவாளா என்பதே அன்றைக்குச் சந்தேகம். வந்தாலும் குழந்தையை என் மடியில் வைப்பாளா என்பது அதைவிடப் பெரிய சந்தேகம். அவள் என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பத்து நாள் முன்னால் என் மனைவி தேவிக்குத்தான் போன் செய்தாள். நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தே, எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினாள்.

“அண்ணி, உங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க. கடமைக்கு வர்றதா இருந்தா வரவே வேணாம். எங்க பெரீப்பா பையன் முருகேசன் அண்ணன் கீறாரு. கொயந்தைய அவரு மடியில உக்கார வெச்சிக்கிறேன்.”

ஒரே மருமகள். பெயர் யாழினி. பிறந்து ஒரு வருஷம் ஆகியும் நான் அவளைச் சரியாகத் தூக்கியதில்லை. அந்த மடி போய்விட்டால் அதோடு எல்லாம் போயிற்று என்று எனக்குத் தெரியும். காது குத்துவது ஆயுளில் ஒரு முறைதான்.

ஒரு சொட்டு

சண்டைக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சொத்து பத்து என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் அப்பா இறந்தபோது நான் அழவில்லை. அதுதான் காரணம்.

அப்பா திருவொற்றியூரில் ஒரு ஆலையில் முப்பது வருஷம் உழைத்தவர். ஓய்வுபெற்று, பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டு, நன்றாக இருந்தவர் ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். ஐஸ் பெட்டி, சாமியானா, நாற்காலி, மேளம், பூப்பல்லக்கு, சுடுகாட்டுக்குச் சொல்வது, வந்தவர்களுக்கு டீ என்று எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன். சட்டைப் பையில் பட்டியல் வைத்திருந்தேன். முடிந்த வேலையைப் பேனாவால் அடித்துக்கொண்டே போனேன். மேளக்காரர்களுக்குத் தண்ணீர் பாட்டில் போய்ச் சேர்ந்ததா என்றுகூடக் கேட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பார் வாளியோடு நின்ற என் எதிரில் செல்வி வந்து நின்றாள்.

“எல்லாத்தியும் கரெக்டா பண்ணிட்ட. ஒரு சொட்டு கண்ணீர் உட்டியா? எவன் வூட்டு சாவுக்கோ காண்ட்ராக்ட் எடுத்தவன் மாரி நின்னுகினு இருந்த.”

அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எல்லாரும் உட்கார்ந்து அழுதால் வேலையை யார் பார்ப்பது என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அத்தோடு பேச்சு நின்றது.

எண்பது அடி உயரத்தில்

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏணியில் ஏறிப்போய்க் கேபினில் உட்கார்ந்தால், கீழே மனிதர்கள் சோற்றுப் பருக்கை அளவுக்குத்தான் தெரிவார்கள். காலுக்கடியில் கண்ணாடி. கொக்கியில் கண்டெய்னர் ஆடிக்கொண்டிருக்கும்.

அந்த இடத்தில் கோபப்படக்கூடாது, பதறக்கூடாது, சந்தோஷத்தில் துள்ளவும் கூடாது. வீட்டுக் கவலையை ஏணியடியில் விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். நான் விட்டுவிட்டு ஏறுவேன். சிக்கல் என்னவென்றால், இறங்கி வரும்போது அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறந்துபோய்விட்டது. இது தேவி சொல்வது. நான் ஒத்துக்கொண்டதில்லை.

எனக்குக் கீழே நின்று கையால் சைகை காட்டுகிறவர் ஏகாம்பரம். கையில் வாக்கிடாக்கி இருந்தாலும் அது கரகரக்கிற நேரத்தில் அவர் கைதான் எனக்குக் கண். ஒருமுறை என் டிபன் பாக்ஸிலிருந்த வஞ்சிரம் வறுவலை அவர் தின்றுவிட்டு இல்லை என்று சாதித்ததில், ஒரு மாதம் இருவருக்கும் பேச்சில்லை. அந்த ஒரு மாதமும் அவர் சைகை ஒரு அங்குலம் பிசகவில்லை. என்னைப் பிடிக்காதபோதும் என் உயிரையும் மற்றவர்கள் உயிரையும் சரியாகப் பார்த்துக்கொண்டார்.

இந்த ஏகாம்பரத்தைத்தான் நான் தத்துவ வகுப்பில் உதாரணமாகச் சொன்னேன். இந்தப் பத்தியில் வந்த போன வாரக் கட்டுரையைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு வரி: நாற்பத்தெட்டு வயதில், கப்பலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கொட்டாவி விடுவதற்குப் பதில் படிக்கலாம் என்று, தபால் வழியில் எம்.ஏ. தத்துவத்தில் சேர்ந்தேன். இதைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் எங்கள் வீட்டுப் பூனைதான்.

ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை

நேரடி வகுப்பு ராயபுரத்தில் நடக்கும். எட்டுப் பேர் உட்கார்ந்திருப்போம். பாடம் எடுக்கிற நிர்மலா மேடம் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். என்னை சார் என்பார், நான் மேடம் என்பேன். மீன் சந்தைக் காற்று ஜன்னல் வழியே வந்து எங்களோடு பாடம் கேட்கும்.

அந்த மாதப் பாடம், அறவாழ்க்கையில் உணர்ச்சிக்கு என்ன இடம் என்பது. மேற்கே என்ன சொன்னார்கள், கன்பூசிய மரபில் என்ன சொன்னார்கள், ஒப்பிடுக.

பாடத்தில் முதலில் ஒரு ஜெர்மன்காரர் வந்தார். பிடித்திருக்கிறது என்பதால் ஒருவருக்கு நல்லது செய்தால் அதில் பெரிய பெருமை இல்லை என்கிறார் அவர். மனசு வேண்டாம் என்று சொல்லும்போதும், இது என் கடமை என்று செய்கிறாயே, அதற்குத்தான் மதிப்பு. உணர்ச்சி இன்றைக்கு வரும், நாளைக்கு வராது. அதை நம்பி நியாயத்தைக் கட்ட முடியாது.

எனக்கு எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. ஏகாம்பரத்தின் கதையைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. பின்வரிசையிலிருந்த நர்ஸ் அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நம் ஊரில் ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் ‘கடமைக்குச் செஞ்சான்’ என்றுதானே சொல்கிறோம், அவர் ஊரில் அது பாராட்டா என்று கேட்டார். மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. உணர்ச்சியே கூடாது என்று அவர் சொல்லவில்லை, அதன்மேல் முழு பாரத்தையும் வைக்காதே என்கிறார் என்று விளக்கினார்.

அடுத்து ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அறிவு வழி காட்டும், கணக்குப் போடும், அவ்வளவுதான். ஒரு விரலை அசைக்க வேண்டுமென்றாலும் உள்ளே ஒரு உணர்ச்சி தள்ள வேண்டும் என்றார். எனக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கிரேனில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சீனர்கள். இங்கேதான் எனக்குச் சிக்கல் வந்தது. அவர்களுக்கு உணர்ச்சிதான் விதை. அது வீட்டில் முளைக்கிறது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் மேல் வருகிற பாசம்தான் படிப்படியாகத் தெருவுக்கும் ஊருக்கும் போகிறது. சடங்கு என்பது அந்தச் செடிக்குக் கட்டுகிற கொம்பு. கொம்பு இல்லாவிட்டால் செடி தரையில் படர்ந்துவிடும். செடி இல்லாமல் வெறும் கொம்பை நட்டு வைப்பதிலும் பயனில்லை. பெற்றவர்களுக்குச் சோறு போட்டாயா என்பதோடு விடமாட்டார்கள், போடும்போது உன் முகம் எப்படி இருந்தது என்றும் கேட்பார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை ஆயிரம் மைல் தள்ளி, எந்தக் காலத்திலோ உட்கார்ந்துகொண்டு, இவர்கள் என் தங்கச்சி கட்சியில் பேசுகிறார்களே என்று ஆத்திரம் வந்தது. எண்பது அடி உயரத்தில் உட்கார்ந்திருப்பவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? முகத்துக்கு எதற்கு மதிப்பெண்? மேடத்தோடு அரை மணி நேரம் வாதாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முகம் பார்க்கிறவருக்காகவும் இருக்கிறது சார் என்றார். நான் டீகூடக் குடிக்காமல் கிளம்பி வந்தேன்.

அடுத்த நாள் ஏகாம்பரத்திடம் சொல்லிப் புலம்பினேன். சீனாக்காரன் செல்போன்தான் செய்வான்னு நெனச்சேன், நாயம்கூடப் பேசுவானா என்று ஆச்சரியப்பட்டார். அப்புறம், உன் தங்கச்சி பேசுவதில் தப்பொன்றும் இல்லையே என்று அவரும் கட்சி மாறினார்.

தெருமுனை

ஆக, அப்படிப்பட்ட நிலைமையில்தான் நெட்டுக்குப்பத்தில் நிற்கிறேன். பட்டுப் பாவாடை, வளையல், பொம்மை, நடைவண்டி, ஆப்பிள், மாதுளை, லட்டு, ஜிலேபி. எதிலும் குறையில்லை. தூரத்தில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வழியாகப் போன ஒரு பெரியவர் ஜிலேபித் தட்டைப் பார்த்து, நின்று, மனசில்லாமல் நகர்ந்தார். ஏகாம்பரம் ஆப்பிள் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, கழுத்து வலிக்கிறது, உன் தங்கச்சி வருமா வராதா என்று இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தார்.

வந்தாள். மஞ்சள் புடவை, தலை நிறையப் பூ, கையில் ஆரத்தி. பின்னால் அவள் கணவன் பாலு. ஃபைபர் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவன், தங்கமான பையன். இந்த இரண்டு வருஷமும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன். அவன் தோளில் யாழினி. காலையிலேயே கோயிலில் மொட்டை அடித்துவிட்டிருந்தார்கள். சந்தனம் பூசிய மண்டையோடு, கழுத்திலிருந்த மாலையைப் பிய்த்துத் தின்பதற்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வி தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தாள். பட்டியல் துருத்திக்கொண்டிருந்தது. அவசரமாக உள்ளே தள்ளினேன். மறைத்தது இன்னும் மோசமாகப் போயிற்று.

“கடமைக்கு வந்தியா, மனசார வந்தியா?”

இரண்டு வருஷத்தில் என்னோடு நேராகப் பேசிய முதல் வார்த்தை. தெருவே கேட்டுக்கொண்டிருந்தது.

மனசார என்று சொல்ல வேண்டும் என்றுதான் திருவொற்றியூரிலிருந்து ரயிலில் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாயில் வந்துவிட்டது. ஆனால் அந்த நேரம் பார்த்து ஜெர்மன்காரரும் சீனாக்காரர்களும் என் தலைக்குள் மல்லுக்கு நின்றார்கள். பொய் சொல்லவும் வரவில்லை.

“தெரில செல்வி. வராம இருக்க முடில. வந்துட்டேன்.”

தேவி பின்னாலிருந்து என் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். அடுத்த வாரப் பரீட்சையில் இதே தலைப்பில்தான் கேள்வி வந்தது. ஆறு பக்கம் எழுதினேன். அந்த ஆறு பக்கத்திலும் இதைவிட நேர்மையாக ஒரு வரியும் இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

செல்வி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஆரத்தியை மூன்று முறை சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்தாள். தாழ்ந்த குரலில் தீர்ப்பையும் சொன்னாள்.

“ஒரு காது உன் மடியில. ஒரு காது முருகேசன் அண்ணன் மடியில.”

பேண்டுக்காரர்களுக்கு அது போதும். காத்திருந்ததற்கெல்லாம் சேர்த்து ஊதித் தள்ளிவிட்டார்கள். சந்து பொந்திலிருந்தெல்லாம் பிள்ளைகள் ஓடி வந்து ஆட ஆரம்பித்தார்கள். ஏகாம்பரம் கழுத்து வலியை மறந்து ஆப்பிள் தட்டோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

பாதி மடி

அம்மன் கோயில் பந்தலில் மணைப்பலகை போட்டிருந்தது. முருகேசன் அண்ணன் எனக்கு முன்பே பட்டு வேட்டியில் வந்து நின்றுகொண்டிருந்தார். ஈக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர். நானாகக் கேட்கவில்லை தம்பி, செல்விதான் வரச் சொன்னாள் என்று என் காதில் மன்னிப்புக் கேட்டார். முதலில் வலது காது, என் மடி. பிறகு இடது காது, அவர் மடி. பாதி மடி கிடைத்ததே என்று நான் உட்கார்ந்தேன்.

யாழினியை என் மடியில் வைத்தார்கள். பஞ்சு மூட்டை கனம்கூட இல்லை. பால் வாசனையும் சந்தன வாசனையுமாக என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். அண்ணாந்து பார்த்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் சிரித்தாள், இரண்டே பல்.

நகை செய்கிற பத்தர் ஒருவர் எதிரே உட்கார்ந்தார். காதில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். பாலு குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டான். மேளம் உச்சத்துக்குப் போயிற்று, குழந்தை அழுகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்பதற்காக. பத்தர் தங்கக் கம்பியை எடுத்தார். அதன் முனை வெயிலில் மின்னியது.

இங்கே நடந்ததை விளக்கிச் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நாற்பது டன் பெட்டி காலுக்கடியில் ஆடும்போது பதறாத நான், அந்தக் கம்பி அந்தக் காதுப் பக்கம் வந்ததும் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகலமாக நீட்டி மேலும் கீழும் வீசினேன். துறைமுகத்தில் அந்தச் சைகைக்கு ஒரே அர்த்தம்தான். ஆபத்து, எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து. இருபது வருஷமாக ஏகாம்பரம் காட்டி நான் பார்த்த சைகை. நான் காட்டியது அதுதான் முதல் முறை.

பத்தர் பின்னால் சாய்ந்துவிட்டார். பின்வரிசையிலிருந்த ஏகாம்பரம் பழக்கதோஷத்தில் “நிறுத்து” என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தார். பேண்டு செட்டு அப்படியே நின்றது. ஊரே நின்றது. கடல் சத்தம் மட்டும் கேட்டது. கையை விட்டதில் யாழினி என் மடியிலிருந்து சறுக்கிக்கொண்டு போக, பாலு காலைப் பிடித்தபடியே வலையில் மீனைத் தூக்குகிற மாதிரி அவளை அள்ளித் திரும்ப என் மடியில் போட்டான்.

நான் கையை விரித்தபடியே உட்கார்ந்திருந்தேன். யாழினி என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் தன் இரண்டு குட்டிக் கைகளையும் அகலமாக விரித்து, மேலும் கீழும் ஆட்டினாள்.

பத்தர் சரியான ஆள். இதைவிட நல்ல நேரம் வராது என்று அந்த நொடியில் வலது காதைக் குத்தி முடித்துவிட்டார். அவள் வீறிட்டாள். நான் அதைவிடச் சத்தமாக அய்யோ என்றேன். பந்தலில் சிரிப்பு அலை மாதிரி எழுந்தது. பத்தர் சிரித்தார், தேவி சிரித்தாள், கிளாரினெட்காரர் சிரித்ததில் வாத்தியம் வாயில் நிற்கவில்லை. என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

செல்வி மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, இன்னும் விரிந்தபடியே இருந்த என் கைகளைப் பார்த்தாள்.

“அப்பா செத்தன்னிக்கு இந்தக் கைய எங்க வெச்சினிருந்த?”

யோசிக்காமல் பதில் வந்தது.

“வேல குட்த்து வெச்சிருந்தேன்.”

அவள் கண் நிறைந்தது. அதே மூச்சில் சிரிப்பும் பீறிட்டு, என் தோளில் பட்டென்று ஒரு அடி வைத்தாள். நல்ல அடி. சின்ன வயதில் நான் அவள் பங்கு மாங்காயைத் தின்றதற்கு வாங்கிய அடியைப்போல, முழு உரிமையோடு விழுந்தது. சந்தோஷத்தில் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

இடது காதுக்கு முருகேசன் அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

“நீ எங்க எய்ந்துக்கற? உக்காரு. அந்தக் காதும் உன் மடியிலதான். கைய நான் புட்ச்சிக்கிறேன்.”

முருகேசன் அண்ணனுக்குப் பெரிய நிம்மதி. அவரே மேளக்காரர்களைப் பார்த்து, அடிங்கப்பா என்று கை காட்டினார்.

செல்வி என் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்துத் தன் மடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மேளம் உயர்ந்தது, யாழினி வீறிட்டாள், யாரோ என் வாயில் சர்க்கரையைப் போட்டார்கள். குழந்தைக்குப் போட வேண்டியது, அவசரத்தில் எனக்கு வந்துவிட்டது. இரண்டு காதிலும் தோடு மாட்டி, பாலு மகளைத் தூக்கிக்கொண்டு அம்மனிடம் போனான். கூட்டம் பந்திக்கு நகர்ந்தது.

செல்வி இன்னும் என் கையை விடவில்லை.